நாரை ஓட்டின் ஆழம்

ஜனவரி 9, திங்கள்

செங்கால்பேரி வந்து சேர்ந்தாயிற்று. முப்பத்திரண்டு வருடம் கழித்து. நெல்லையிலிருந்து ஒன்றரை மணி நேரம் பேருந்து, பிறகு ஆட்டோ. ஆட்டோக்காரன் என்னைச் சுற்றுலா வந்தவன் என்று நினைத்துவிட்டான். "சார், குளத்துல பெடல் படகு விட்டிருக்காவ. மியூசியம் வார பத்தொம்பதாந் தேதிதான் தொறக்காவ. சாப்பாட்டுக்குத் தட்டுமாத்தி கடைக்குப் போயிருங்க, மீன் கொழம்பு அடிச்சுக்க முடியாது" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். இந்தக் கரையை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான் என்று அவனிடம் சொல்லவில்லை.

விடுதி அறை பரவாயில்லை. சன்னலைத் திறந்தால் குளம். போர்டில் 'ஏரி' என்று எழுதியிருக்கிறார்கள். இந்தச் சீமையில் யார் ஏரி என்கிறார்கள்? எல்லாம் வெளியூர்க்காரர்களுக்காக.

சாயங்காலம் நுழைவுச் சீட்டு வாங்கினேன். சீட்டில் நாரை. ஒற்றைக் கோட்டில் கழுத்து, இரண்டு கோட்டில் கால்கள். படகில் அதே நாரை. காவலாளியின் சட்டைப் பையில் அதே நாரை. முதுமக்கள் தாழி மாதிரி சிமெண்டில் குப்பைத் தொட்டி செய்து வைத்திருக்கிறார்கள். அதிலும் நாரை, 'என்னைப் பயன்படுத்துங்கள்' என்கிறது. அது என் நாரை. மெல்லிய பேனாவால் இரண்டு நாள் உட்கார்ந்து நான் வரைந்தது. இங்கே அகழாய்வு நடந்தபோது நான் தொல்லியல் துறையின் வரைவாளர், வயது முப்பத்திரண்டு. குழி நான்கில் கிடைத்த பானை ஓட்டில், ஈரமண்ணில் எவனோ குச்சியால் கீறிய நாரை அது. ஓட்டிலிருந்து காகிதத்துக்குக் கொண்டுவந்தவன் நான். அகழாய்வுப் புத்தகம் வந்தபோது படத்தின் அடியில் 'வரைபடம்: முனைவர் ரங்கமன்னார்' என்று எங்கள் குழுத் தலைவர் பேர் இருந்தது. கேட்கப் போனேன். இரண்டு மாதத்தில் வடக்கே ஒரு சேமிப்புக் கிட்டங்கிக்கு மாற்றல் வந்தது. அங்கே உடைந்த சிலைகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு வேலையை விட்டேன்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் பொறுத்ததில் ஒரு சென்ட் நிலம்கூட ஆளவில்லை. ரங்கமன்னார்தான் ஆண்டார். பத்தொன்பதாம் தேதி அந்த ஆள் மேடைக்கு வருகிறார். எல்லார் முன்னாலும் அவர் தலை குனிய வேண்டும். நான் வந்தது அதற்குத்தான், வேறு எதற்கும் இல்லை.


ஜனவரி 10, செவ்வாய்

வயிறு சரியில்லை. குளம் அழகாகத்தான் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?


ஜனவரி 11, புதன்

காலையில் தாழிமேட்டுக்கு நடந்தேன். குளத்தின் மேல்கரையில் அரை மைல் நீளம் செம்மண் மேடு. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் இடமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் தோண்டிய குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டுவிட்டார்கள். மேலே நின்றால் காலடியில் தாழிகள் வாய் பிளந்து தெரிகின்றன. ஒரு தம்பதி குழி நான்கின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழியில் வெயிலில் வெந்தவன் ஒருவன் பக்கத்தில் நிற்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது.

காப்பாட்சியர் நிலோஃபரைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். சுறுசுறுப்பான பெண். "நீங்க அந்த டீம்ல இருந்தீங்களா சார்? ஞானதுரை சாரா? ரங்கமன்னார் சார் உங்களப் பத்திச் சொல்லியிருக்காங்களே!" என்றாள். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நல்லதாகச் சொல்லியிருந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

விழாவில் கடைசியாக அரை மணி நேரம் கேள்வி நேரமாம். யாரும் எழுந்து கேட்கலாமாம். மனசுக்குள் கைதட்டிக்கொண்டேன். அந்தக் காலத்தில் ஓடு கழுவிய பெண்களில் ஒருத்திக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். நான் பேச்சை நாரை ஓட்டுக்கு மாற்றினேன்.

நாரை ஓட்டைக் கண்ணாடிப் பேழையில் வைத்தாகிவிட்டது. பக்கத்தில் 'குழி 4, ஆழம் 3.10 மீட்டர்' என்ற பலகை. இந்த 3.10 தான் ரங்கமன்னாரின் முப்பது வருடப் புகழ். ஆழம் போகப் போகப் பழமை. 3.10 என்றால் தாழி புதைத்தவர்கள் காலம். 1.20 என்றால் அதற்கு ஆயிரம் வருடம் பின்னால் வந்தவர்கள். அந்த ஓடு 1.20இல் கிடைத்தது. என் குறிப்பேட்டில் இருக்கிறது: மே 24, குழி 4, 1.20, கீறல் உள்ள ஓடு. மண் அப்பியிருந்ததால் இரண்டு கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலை மட்டும் பென்சிலில் போட்டு வைத்தேன். பேழையில் இருக்கிற ஓட்டோடு வைத்துப் பார்த்தால் குருடனுக்கும் தெரியும்.

கேட்கப் போவது இதுதான்: "ஐயா, என் குறிப்பேட்டைப் பார்த்த பிறகும் ஆழத்தை ஏன் மாற்றினீர்கள்?"

அவர் பார்த்தாரா என்பது வேறு விஷயம். தலைமை தாங்குகிறவர் பார்த்திருக்க வேண்டாமா?


ஜனவரி 12, வியாழன்

தட்டுமாத்தி கடையில் சாப்பிட்டேன். கரையில் ஓலைக் கொட்டகை, நாலு பெஞ்சு. கடைக்காரிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், ஒன்றோடொன்று லேசாகச் சாய்த்து வரிசையாக வெயிலில் வைத்தாள். அப்படி வைக்கிறவர்களை நான் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். பானை ஓட்டை அப்படித்தான் காயவைப்போம், இரண்டு பக்கமும் காற்றுப் பட.

சந்தனமாரி. அப்போது இருபது வயசு. கீழத்தெருவிலிருந்து ஓடு கழுவ வந்த பதினோரு பெண்களில் இவள்தான் கெட்டிக்காரி.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. "அயிர இருக்கு, கெளுத்தி இருக்கு. என்ன வைக்கட்டும்?" என்றாள். கெளுத்தி என்றேன். இரண்டு துண்டு கேட்டதற்கு மூன்று வைத்தாள். ஆட்டோக்காரன் சொன்னது சரி, குழம்பு பிரமாதம்.

இவளைப் பாதியிலேயே களத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஓடு போடும் தட்டு கலந்துவிட்டது என்று ஒரு பிரச்சினை. அந்தச் சமயத்தில் அப்படி நடந்துபோயிற்று. வருத்தமான விஷயம்தான்.

விடுதிக்குத் திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. குறிப்பேடு ஒன்று மட்டும் போதாது. என் கையெழுத்து, என் பென்சில், நேற்று எழுதினேன் என்பார்கள். சாட்சி வேண்டும். அந்த ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்தவள் இவள்தானே!


ஜனவரி 13, வெள்ளி

வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டேன். விடுதிப் பையனிடம் கொடுத்தால் நீலத்தை அள்ளிக் கொட்டிவிடுவான்.

மத்தியானம் வீட்டிலிருந்து மனைவி ரூபாவதி போன் செய்தாள். "பிரஷர் மாத்திரை போட்டீங்களா? கல்யாண வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்க போயி இருக்கீங்க. அந்த மனுசனுக்கு எழுவத்தொம்பது வயசு. இனிமே அவர என்ன பண்ணப் போறீங்க? விடுங்களேன்."

"செத்த பெறகா கேக்க முடியும்?" என்றேன்.

"நாப்பது வருசமா உங்ககூட இருக்கேன். நீங்க முழுசாச் சொல்லாத கதை ஏதோ ஒண்ணு அதுல இருக்கு" என்று வைத்துவிட்டாள். பெண்களுக்கு எதையாவது சொல்லி வைக்காவிட்டால் போனை வைக்க மனசு வராது.

யாராவது பின்னால் படிப்பார்கள் என்பதற்காக வேலை முறையை எழுதிவைக்கிறேன். குழியிலிருந்து வரும் ஓட்டை அந்தந்த ஆழத்துக்கு ஒரு தகரத் தட்டில் போடுவோம். தட்டுக்கு ஓர் அடையாளச் சீட்டு: குழி எண், ஆழம், தேதி. பெண்கள் கழுவிக் காயவைப்பார்கள்; முறை வராமல் மேல்மட்டத்துத் தட்டுகள் வாரக்கணக்கில் கிடப்பதும் உண்டு. காய்ந்த பிறகு ஒவ்வொரு ஓட்டின் முதுகிலும் சீட்டில் இருப்பதை மையில் எழுதுவோம். எழுதியதற்கு அப்புறம் அதுதான் வேதவாக்கு. சீட்டைச் சணலால் தட்டின் காதில் கட்ட வேண்டும் என்பது விதி. மேலே கல்லை மட்டும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. கட்டுகிற வேலை வரைவாளருடையது.

அந்த வருடம் மேல்காற்று மே மாதக் கடைசியிலேயே முந்திக்கொண்டது.


ஜனவரி 14, சனி. போகி

கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் பதினொரு மணிக்குக் கடைக்குப் போனேன். சந்தனமாரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அகழாய்வு நடந்தப்ப நீ ஓடு கழுவினதானம்மா?"

"கழுவினேன் சார். ரெண்டு மாசம். அதுக்கப்புறம் கழுவ விடல்ல."

"என்னைத் தெரியுதா?"

"தெரியாம? வந்த அன்னைக்கே தெரிஞ்சுட்டு. படம் வரையித வேதக்கார சாரு. தலைமயிருதான் போயிருக்கு."

கிறிஸ்தவனை இந்த ஊரில் வேதக்காரன் என்பார்கள். எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்தும் மூன்றாவது துண்டு வைத்திருக்கிறாள். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த நாரை ஓடு எந்தத் தட்டுல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. மண்ணு இறுகிக் கெடந்துச்சு. ரெண்டு காலு மட்டும் தெரிஞ்சுது. நாளைக்குத் தேச்சுக்கலாம், ஊறட்டும்னு வச்சேன். மேல்மட்டத்துத் தட்டு. ஒண்ணு இருவது."

முப்பத்திரண்டு வருடம் கழித்தும் ஒரு சொல் பிசகவில்லை. "இதை மேடையில சொல்லுவியா?" என்றேன்.

உரிப்பதை நிறுத்தினாள். "நீங்க கேப்பீயளா? மைக்குல? எல்லாரும் இருக்கும்போ?"

"கேப்பேன்."

"அப்பஞ் சொல்லுதேன். ஆனா நீங்கதான் கேக்கணும். நானா எந்திச்சுச் சொன்னா, மீன் கொழம்பு விக்கவளுக்கு என்ன தெரியும்னு உக்கார வச்சிருவாவ. நீங்க படிச்சவிய. நீங்க கேட்டா நான் சொல்லித்தான ஆகணும்?"

"இவ்வளவு வருசம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றாள். பிறகு வெங்காயம் உரிப்பதைத் தொடர்ந்தாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. விடுதி வரைக்கும் நடையே தெரியவில்லை.


ஜனவரி 15, ஞாயிறு. பொங்கல்

சந்தனமாரி தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பியிருக்கிறாள். முந்திரி நிறைய.


ஜனவரி 17, செவ்வாய். காணும் பொங்கல்

ஊரே குளக்கரையில். கட்டுச்சோற்றுப் பொட்டலத்தோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிட்டார்கள். பெடல் படகுக்கு அரை மைல் வரிசை. பாட்டுச் சத்தத்தில் கூழைக்கடா எல்லாம் எழுந்து நடுக்குளத்துக்குப் போய்விட்டன. நானும் போய்விடலாமா என்றிருந்தது.

நாலு மணிக்கு ரங்கமன்னார் வந்தார். நிலோஃபர் கையைப் பிடித்து இறக்கினாள். ஊன்றுகோல், காது மெஷின், தொளதொளச் சட்டை. ஆள் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"ஞானதுரையா? ஏய், ஞானதுரையேதான்! நீ வருவேன்னு நான் நினைக்கவே இல்லப்பா. பாத்தியா, எங்க பார்த்தாலும் உன் நாரைதான்!"

உன் நாரை! முப்பது வருடம் கழித்து, கார் நிறுத்துமிடத்தில் வைத்து, யாருக்கும் கேட்காத இடத்தில் உன் நாரை. புத்தகத்தில் மட்டும் அவர் நாரை. சிரித்தேன். கும்பிட்டேன். 'நாளை மறுநாள் வைத்துக்கொள்கிறேன்' என்று மனசுக்குள் சொன்னேன். அவர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு குழி நான்கு வரைக்கும் நடந்தார். கை எலும்பாக இருந்தது. மூச்சு வாங்கியது. "இந்தக் குழிதான்ப்பா என்னை மனுஷனாக்கினது. 3.10. அந்த நம்பரை நான் தூக்கத்துலகூடச் சொல்லுவேன்" என்றார்.

சொல்லும் ஐயா, தூக்கத்தில் சொல்லும். வியாழக்கிழமையோடு அந்தத் தூக்கம் போகிறது.

ஆட்டோக்காரன் திரும்பக் கிடைத்தான். சந்தனமாரிக்கு ஏன் தட்டுமாத்தி என்று பேர் என்று போகிற போக்கில் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "அது பழைய கத சார். ஓடு தோண்டும்போ தட்ட மாத்தி வச்சுக் கொழப்பிட்டாளாம். அடுத்த வருசம் கீழத்தெருப் பொம்பளய ஒருத்தியயும் வேலைக்கு எடுக்கல்லயாம். அந்தக் கோவத்துல வச்ச பேரு. அவ மவனுக்கும் அதுதான் பேரு, தட்டுமாத்தி மவன். இப்பம் யாருக்கும் கோவமில்ல, பேரு மட்டும் நின்னுட்டு" என்றான்.


ஜனவரி 18, புதன்

நாளைக்குப் பேசப் போவதை ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தடுக்குகிறது. அதனால் அதை இங்கே எழுதித் தாண்டிவிடுகிறேன்.

மே 25 மத்தியானம் காற்று அடித்தபோது ஐந்து தட்டுகளின் சீட்டுகள் பறந்துவிட்டன. அன்று நான் சணலால் கட்டவில்லை. சணல் தீர்ந்திருந்தது. கிட்டங்கிக்குப் போய் எடுத்து வரலாம். வெயில். கல்லை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சீட்டுகளைத் துரத்திப் பிடித்து, எது எந்தத் தட்டு என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் நானே திரும்ப வைத்துக் கட்டினேன். ஒரு தட்டு நிச்சயம் சரி. நாலு உத்தேசம்.

மறுநாள் காலையில் '2.00' என்ற தட்டில் சோடா பாட்டில் கண்ணாடித் துண்டு கிடந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யார் சோடா குடித்தது? ரங்கமன்னார் குதித்தார். யார் கலந்தது என்றார். கழுவும்போது கலந்திருக்கும் என்றேன். யார் கழுவியது என்றார். பேரைச் சொன்னேன். கேட்டார், சொன்னேன்.

"மத்த தட்டெல்லாம்?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு சார்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து '3.10' தட்டில் நாரை முழுசாக வெளியே வந்தது. அவர் குழந்தை மாதிரி குதித்தார். அப்போது போய் எப்படிச் சொல்வது? அந்தப் பெண் வேறு போய்விட்டாள். என்ன இருந்தாலும் அவர் தலைமை. சந்தேகப்பட்டு மறுபடி சோதித்திருக்க வேண்டியது அவர் கடமை. என் படத்துக்குத் தன் பேரைப் போட்டுக்கொண்டது உண்மைதானே? அதற்குத் தண்டனை வேண்டாமா?

சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று.


ஜனவரி 19, வியாழன்

இன்று எழுத முடியாது.


ஜனவரி 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

பந்தலில் ஐந்நூறு பேர். கீழத்தெருவே வந்திருந்தது. ரங்கமன்னார் நாற்பது நிமிடம் பேசினார். அதில் முப்பது நிமிடம் நாரை. சந்தனமாரிக்குப் பொன்னாடை போர்த்தி மேடை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். கேள்வி நேரம் என்று நிலோஃபர் சொன்னதும் எழுந்தேன். தடுக்காமல் சொன்னேன். மே 24, குழி நான்கு, 1.20, என் குறிப்பேடு, இரண்டு கால். "பார்த்த பிறகும் ஏன் மாற்றினீர்கள்?" என்று முடித்தேன்.

ரங்கமன்னார் குறிப்பேட்டை வாங்கினார். கண்ணாடியை மாற்றினார். பூதக்கண்ணாடி கேட்டார். நிலோஃபர் ஓட்டின் படத்தைப் பக்கத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடம் காத்திருந்த காட்சி. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

"இது நம்ம ஓடுதான்" என்றார். "ஆனா இந்த நோட்டு எங்கிட்ட வரவே இல்லையேப்பா."

"வந்தது. சாட்சி இருக்கு" என்றேன். மேடையைப் பார்த்துக் கேட்டேன்: "சந்தனமாரி, அந்த ஓடு எந்தத் தட்டுல இருந்துச்சும்மா? எல்லாருக்கும் கேக்கும்படி சொல்லு."

அவள் எழுந்தாள். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு இருவது தட்டுல இருந்துச்சு. நாந்தான் ஊறப்போட்டேன். இந்த சாரு சொல்லுதது சரி. மறுநா மத்தியானம் காத்து அடிச்சுது. சீட்டெல்லாம் பறந்துட்டு. சணல வச்சுக் கெட்டல்ல, கல்லுதான் வச்சிருந்தாவ. கெட்ட வேண்டியது இந்த சாருதான். வேப்பமரத்தடியில சாப்பிட்டுட்டு இருந்தாவ. எச்சிக் கையோட ஓடி ஓடிப் பெறக்குனாவ. நான் அன்னைக்கே சொன்னேன், சார், இது அந்தத் தட்டு இல்ல, அது இந்தத் தட்டு இல்லன்னு. 'எனக்குத் தெரியும், நீ வேலையப் பாரு'ன்னாவ. மறுநா சோடாப் பாட்டில் துண்டு கெடந்துச்சு. இந்த சாரு என்னயக் கையக் காட்டுனாவ."

பந்தலில் யாரோ இருமினார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கீழத்தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நான் அழுதேன். கரைச் சாஸ்தா கோயில்ல சூடத்தக் கொளுத்தி வச்சேன். வாங்க சார், ரெண்டு பேரும் அணைச்சுச் சத்தியம் பண்ணுவோம்னு கூப்புட்டேன். நாங்க வேதக்காரங்க, சூடம் அணைக்கக் கூடாதுன்னாவ. சரி, உங்க கோயில்ல வந்து உங்க புஸ்தகத்துல அடிச்சுச் சொல்லுங்கன்னேன். அதுக்கும் வரல்ல. அந்தச் சூடம் தன்னால எரிஞ்சு தன்னால அணைஞ்சுது. அன்னையிலேருந்து நான் தட்டுமாத்தி. எம் மவன் தட்டுமாத்தி மவன். எம் பேத்திய பள்ளிக்கொடத்துல அப்படித்தான் கூப்பிடுதாவ. ஏளா, நீங்களும் அப்படித்தான கூப்பிட்டிய? நான் தட்ட மாத்தல. மாத்துனது இந்த சாரு."

மைக்கை நிலோஃபர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ரங்கமன்னார் என் பக்கம் திரும்பினார். "மத்த தட்டெல்லாம் சரியான்னு உன்னைக் கேட்டேனா இல்லையா, ஞானதுரை?"

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்னே?"

ஐந்நூறு பேர். நான் உட்கார்ந்துவிட்டேன். அதுதான் பதில் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சரியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அந்த மனிதர் செய்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஊன்றுகோலை வைத்துவிட்டு, சந்தனமாரி முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "விசாரிக்காம உன்ன அனுப்பினேம்மா. தப்பு என்னுது" என்றார். நிலோஃபரிடம், "அந்த ஆழத்தை எடுத்துடு. புத்தகத்தையும் திருத்தறேன்" என்றார். திரும்பி மைக்கைக் கேட்டு வாங்கி, "படம் ஞானதுரை போட்டது. என் பேரைப் போட்டுக்கிட்டதும் தப்புதான். அதையும் மாத்துங்க" என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். அவருக்கு!

இன்றைய பேப்பரில் அவர் படம். 'தன் தவற்றை மேடையிலேயே ஏற்ற அறிஞர்'. அவரைக் கீழே தள்ள வந்தேன். தூக்கி இன்னும் ஒரு படி மேலே உட்கார வைத்திருக்கிறேன். எனக்கு எரிகிறது. என் மேலா அவர் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை.

மத்தியானம் நிலோஃபர் புதுப் பலகையின் வாசகத்தைக் காட்டினாள். மரியாதையாகத்தான் காட்டினாள். 'ஆழம் உறுதியில்லை. அடையாளச் சீட்டுகள் மாறியுள்ளன. வரைபடமும் சீட்டுப் பொறுப்பும்: வரைவாளர் ஞானதுரை.' முப்பத்திரண்டு வருடம் நாரைக்குக் கீழே என் பேர் வர வேண்டும் என்று கேட்டேன். வந்துவிட்டது.

"ஆவணத்துக்கு உங்க கைப்பட ஒரு வாக்குமூலம் வேணும் சார். என்ன நடந்துச்சுன்னு" என்றாள். எழுதிக் கொடுத்தேன், ஒன்றரைப் பக்கம். கையெழுத்துப் போடும்போது சந்தனமாரி வாசலில் நின்றாள்.

"எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, நம்பர் மட்டுந்தான் தெரியும். அத நாளைக்குக் காலையில கடைக்கு முன்னால வந்து வாசிங்க. கீழத்தெருவக் கூப்பிட்டு வைக்கேன்" என்றாள்.

"எனக்குப் பத்து மணிக்கு பஸ்" என்றேன்.

"எட்டு மணிக்கு வாங்க" என்றாள்.

ரூபாவதிக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "போயி வாசிச்சுட்டு வாங்க" என்றாள்.


ஜனவரி 21, சனி

பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

எட்டு மணிக்குப் போனேன். அறுபது, எழுபது பேர் இருக்கும். அந்தக் காலத்தில் ஓடு கழுவியவர்களில் சந்தனமாரி போக நாலு பேர் உயிரோடிருக்கிறார்கள், நாலு பேரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமையானாலும் பள்ளிக்கூடச் சீருடையில் பேத்தி. சந்தனமாரி அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் கோபப்பட ஏதாவது கிடைத்திருக்கும்.

நிலோஃபர் கொடுத்த நகலை வாசித்தேன். சணல் தீர்ந்திருந்தது, கல்லை வைத்தேன், சீட்டுகளை உத்தேசமாக வைத்தேன், சந்தனமாரி எச்சரித்தும் கேட்கவில்லை, அவள் பேரைச் சொன்னேன், மற்றவை சரி என்று பொய் சொன்னேன். நாலு நிமிடம் ஆயிற்று. முடித்துவிட்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்றேன்.

"அது அந்தத் தாள்ல இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"தாள்ல இருக்கத மட்டும் வாசிங்க."

முன்வரிசைக் கிழவி ஒருத்தி அழ ஆரம்பித்தாள். "ஏ மாரி, நாங்க தெரியாமச் சொல்லிட்டோம்ளா" என்றாள். சந்தனமாரி எழுந்தாள். கூட்டத்தின் கடைசியில் தெருமுனையில் நின்றவர்களை எட்டிப் பார்த்தாள். மணி எட்டு இருபது. நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"பின்னால நிக்கவியளுக்குக் கேக்கல்ல" என்றாள். "இன்னொரு தடவ வாசிங்க."

எடுத்து வாசித்தேன். பெண்கள் மூன்று நாலு பேர் தாமதமாக வந்தார்கள். அவர்களுக்கு இடம் விட்டு உட்கார வைத்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பத்து மணி பஸ் போய்விட்டது. இது பன்னிரண்டு மணி பஸ்.